பிப், காண்டா, யுவி: தேர்வுக்கு முன் நான் கேட்பவை

புதிதாக ஒரு பைத்தான் புராஜெக்ட் கைக்கு வந்ததும் எங்கள் அணியில் எழும் முதல் கேள்வி, பேக்கேஜ் மேனேஜ்மெண்டுக்கு எந்தக் கருவி என்பதுதான். பிப் போதுமா, பொயட்ரியா, காண்டாவா, இப்போது எல்லோரும் பேசும் யுவியா? கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலையும் கையோடு கொண்டுவருவார்கள்; போன கம்பெனியில் எது இருந்ததோ அது. நான் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு வேறு சிலவற்றைக் கேட்பேன். இந்த நிரல் எந்த இயந்திரத்தில் ஓடப்போகிறது? அங்கே உட்கார்ந்து இன்ஸ்டால் செய்யப்போவது யார்? நாளைக்கு இந்தக் கருவி வேண்டாம் என்று முடிவானால் எதையெல்லாம் திரும்ப எழுத வேண்டியிருக்கும்? கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். எந்தக் கருவிக்குள்ளும் நுழைவது சுலபம், ஒரு கமாண்ட் அடித்தால் முடிந்தது. வெளியே வரும்போதுதான் கருவிக்குக் கருவி உள்ள வித்தியாசம் தெரியும்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் தேர்வு செய்ய அதிகம் இருக்கவில்லை. 2007-ல் வந்த வர்ச்சுவல்என்வ், அதற்கடுத்த ஆண்டு வந்த பிப், கூடவே ஒரு ரிக்வயர்மெண்ட்ஸ் ஃபைல், அவ்வளவுதான். பலர் வர்ச்சுவல்என்வ்கூட வைத்துக்கொள்ளாமல், சூடோ போட்டு சிஸ்டம் பைத்தானுக்குள்ளேயே எல்லாவற்றையும் இறக்குவார்கள். லினக்ஸின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன என்பது, ஏதாவது ஒன்று உடையும் நாளில்தான் தெரியவரும். 2023-ல் வந்த டெபியன் 12 அந்த வழியை அடைத்துவிட்டது. சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் கொண்டு எதையாவது இறக்கப் பார்த்தால் மறுத்துவிட்டு, தனியாக ஒரு சூழலை உருவாக்கிக்கொள்ளச் சொல்லும். இதை ஒரு தொல்லையாகப் பார்ப்பவர்கள் உண்டு. பல வருடம் முன்பே வந்திருக்க வேண்டிய ஏற்பாடு என்பது என் எண்ணம்.

அன்றைய பிப்புக்கு முரண்பாட்டைத் தீர்க்கத் தெரியாது. ஒரு பேக்கேஜ் குறிப்பிட்ட லைப்ரரியின் 2-க்குக் கீழான பதிப்பைக் கேட்கும், இன்னொன்று 2-க்கு மேல் கேட்கும். பிப் எந்தக் கோரிக்கையை முதலில் பார்த்ததோ அதன்படி இறக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். ரிக்வயர்மெண்ட்ஸ் ஃபைலில் வரிகளின் வரிசையை மாற்றினால் வேறு பதிப்பு வந்து உட்காரும். 2020 நவம்பர் இறுதியில் வந்த பிப் 20.3-ல்தான் இதைச் சரியாகச் செய்யும் ரிசால்வர் இயல்பாகவே கிடைத்தது. ஆனால் பதிப்புகளை ஒன்றோடொன்று பொருத்துவது கணிதப்படியே கடினமான வேலை. கணினி அறிவியலில் என்பி-கம்ப்ளீட் என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. அதனால் சில புராஜெக்ட்களில் பிப் ஒரே பேக்கேஜின் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாக இறக்கி, பொருந்தவில்லை என்று விட்டுவிட்டு, அதற்கும் முந்தையதை இறக்கிக்கொண்டே இருக்கும். டெர்மினலில் அது ஓடுவதைப் பார்த்து, நெட் மெதுவாக இருக்கிறது என்று நினைத்து ரவுட்டரைச் சந்தேகிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அநேகமாக ரிக்வயர்மெண்ட்ஸ் ஃபைலில் ஏதோ ஒரு வரி மிகவும் தளர்வாகவோ மிகவும் இறுக்கமாகவோ இருக்கும். அதைத் தேடிப் பிடித்தால் வேலை சட்டென்று முடிந்துவிடும்.

லாக் ஃபைல் ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் 2023 மே மாதத்தைச் சொல்வேன். வேறோர் அணியிடமிருந்து எங்களிடம் வந்த ஒரு சேவை, செண்ட்ஓஎஸ் 7 வழங்கியில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ரிக்வயர்மெண்ட்ஸ் ஃபைலில் ரிக்வெஸ்ட்ஸ் என்ற பெயர் மட்டும் இருந்தது, பதிப்பு எண் இல்லை. ரிக்வெஸ்ட்ஸை இறக்கினால் அதன் பின்னால் நான்கு பேக்கேஜ்கள் வரும்: யுஆர்எல்லிப்3, சர்டிஃபை, ஐடிஎன்ஏ, சார்செட்-நார்மலைசர். அந்த மாதத் தொடக்கத்தில் ரிக்வெஸ்ட்ஸின் 2.30 பதிப்பு வந்தது. அது யுஆர்எல்லிப்3-ன் 2.0 பதிப்பையும் ஏற்றுக்கொண்டது. அந்த 2.0-வுக்கோ ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-ஆவது வேண்டும். செண்ட்ஓஎஸ் 7-ல் இருப்பது 1.0.2. எங்கள் நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் புதிதாக பில்ட் செய்த சேவை, இம்போர்ட் வரியைத் தாண்டாமல் விழுந்தது.

பிழைச்செய்தி தெளிவாகத்தான் இருந்தது. எந்தப் பதிப்பு ஓப்பன்எஸ்எஸ்எல் வேண்டும் என்றுகூடச் சொன்னது. ஆனால் யுஆர்எல்லிப்3 என்ற பெயரை அணியில் யாரும் எங்கும் எழுதியிருக்கவில்லை. நாம் கேட்காத ஒன்று, நாம் கேட்ட ஒன்றின் பின்னால் வந்து வேலையை நிறுத்துகிறது. யுஆர்எல்லிப்3 2-க்குக் கீழே இருக்கட்டும் என்று ஒரு வரி சேர்த்ததும் சேவை எழுந்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் அடுத்த மாதம் வேறு ஏதாவது பேக்கேஜின் முறை வந்திருக்கும்.

அதனால் எந்தக் கருவியானாலும் அதில் இரண்டு ஃபைல்கள் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஒன்றில் நாம் கேட்டது மட்டும், நம் கையால் எழுதியது. இன்னொன்றில் அந்தக் கோரிக்கைக்குப் பதிலாக உண்மையில் வந்து இறங்கியது முழுவதும்: ஒவ்வொரு பேக்கேஜின் பெயர், துல்லியமான பதிப்பு, ஒவ்வொரு ஃபைலுக்கும் 64 எழுத்து நீள எஸ்எச்ஏ-256 ஹாஷ். இரண்டாவதைக் கருவி எழுதும், மனிதர்கள் தொடக்கூடாது. ரூபி உலகில் பண்ட்லர் 2010-லேயே இந்தப் பழக்கத்தை ஏற்படுத்திவிட்டது. ஜாவாஸ்கிரிப்டில் 2016-ல் யார்ன் வந்த பிறகு, 2017-ல் என்பிஎம் 5-ம் லாக் ஃபைலை இயல்பாக்கியது. ரஸ்டில் கார்கோ தொடக்கத்திலிருந்தே அப்படி. பைத்தான் இதில் தாமதமாகத்தான் வந்தது. வந்தபோதும் ஒவ்வொரு கருவியும் தன் தன் வடிவத்தில் லாக் எழுதியது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. லாக் செய்வது, நாமே ஓட்டும் அப்ளிகேஷனுக்கு. மற்றவர்கள் பயன்படுத்தும் லைப்ரரியை வெளியிடும்போது அதே இறுக்கத்தை அதற்குள் கொண்டுபோனால், அதை இறக்கும் எல்லோருக்கும் நாம் முட்டுக்கட்டை போடுகிறோம். யுஆர்எல்லிப்3-ன் ஒரே ஒரு பதிப்பைத்தான் ஏற்பேன் என்று நம் லைப்ரரி சொன்னால், வேறொரு பதிப்பைக் கேட்கும் இன்னொரு லைப்ரரியோடு அது ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது. பொயட்ரியில் எனக்கு நெடுநாள் இருந்த மனத்தாங்கல் இதுதான். ஒரு பேக்கேஜைச் சேர்க்கச் சொன்னால், அடுத்த பெரிய பதிப்பு வேண்டாம் என்ற மேல்வரம்பையும் தானாகவே எழுதிவிடும். அப்ளிகேஷனுக்கு அதனால் பாதகமில்லை. ஆனால் லைப்ரரி எழுதுபவர்கள் அதை யோசிக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். ஒரு புதிய பதிப்பு உண்மையில் நம் நிரலை உடைக்குமா என்று தெரிவதற்கு முன்பே அதைத் தடைசெய்வது சரியல்ல.

இன்ஸ்டால் செய்யப்போவது யார் என்று ஏன் கேட்கிறேன் என்பதற்கு, வெளி இணைய இணைப்பே இல்லாத ஒரு வாடிக்கையாளரின் டேட்டா செண்டர் உதாரணம். நிதித் துறை நிறுவனம். அங்கே வழங்கிகளைப் பார்த்துக்கொள்பவர், ஓய்வுக்குச் சில வருடங்களே இருந்த ஒரு மூத்த அதிகாரி. “தம்பி, இங்க வெளிய இருந்து எதுவும் இறங்காது. நீங்க என்ன கொண்டு வர்றீங்களோ, லிஸ்டோட கொண்டு வாங்க. ஸ்கேன் பண்ணி, ஒப்புதல் வாங்கித்தான் ஏத்துவோம்” என்றார். “லிஸ்டுல எல்லாமே இருக்கும் சார், கையெழுத்து மாதிரி ஹாஷும் இருக்கும்” என்றேன். அந்த ஹாஷை அவரே சரிபார்க்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்று செய்து காட்டினேன். அதற்குப் பிறகு எங்கள் பட்டியல்கள் அங்கே தாமதமானதே இல்லை.

அந்த மாதிரி இடத்துக்கு வீல் ஃபைல்களைத் தயார் செய்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது வீல் ஃபைலின் பெயரைத்தான். நம்பையின் ஒரு வீலை எடுத்துக்கொள்வோம். பெயரில் முதலில் பேக்கேஜ், பிறகு பதிப்பு. அடுத்து சிபி39 என்று இருந்தால் சிபைத்தான் 3.9-க்காகத் தொகுக்கப்பட்டது. கடைசியில் மெனிலினக்ஸ்2014 என்று இருந்தால் ஜிலிப்சி 2.17 அல்லது அதற்குப் புதியது உள்ள லினக்ஸில் ஓடும். செண்ட்ஓஎஸ் 7-ல் இருப்பது சரியாக அந்த 2.17 தான். அதன் பிறகு புராசசர் வகை. தன்னுடைய விண்டோஸ் லேப்டாப்பில் பிப் டவுன்லோட் அடித்துவிட்டு, வந்த ஃபைல்களை அப்படியே லினக்ஸ் வழங்கிக்கு எடுத்துப்போனால் நம்பை ஏறாது. இறங்கியிருப்பது விண்டோஸுக்கான வீல். எந்தத் தளத்துக்கு, எந்தப் பைத்தானுக்கு என்று வெளிப்படையாகச் சொல்லி, தொகுக்கப்பட்ட வீல் மட்டும் போதும், மூலநிரல் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லித்தான் இறக்க வேண்டும். மூலநிரல் வந்துவிட்டால் அங்கே அதைத் தொகுக்க கம்பைலர் இருக்காது. டாக்கர் இமேஜ் சின்னதாக இருக்கிறதே என்று ஆல்பைன் லினக்ஸை எடுப்பவர்களும் இதே இடத்தில்தான் மாட்டுவார்கள். ஆல்பைனில் ஜிலிப்சி கிடையாது, மசல் தான். மெனிலினக்ஸ் வீல் அங்கே ஏறாது. மசலுக்கென்று தனி வீல் வெளியிடாத பேக்கேஜ்களை உட்கார்ந்து தொகுக்க வேண்டும். சில எம்பி மிச்சம் பிடிக்கப்போய் ஒவ்வொரு பில்டிலும் நேரம் போகும். டெபியன் ஸ்லிம் இமேஜே போதும் என்பது என் தீர்மானம்.

காண்டாவை நான் தேடிப்போவது ஒரே ஒரு காரணத்துக்காக: பைத்தானுக்கு வெளியே இருக்கும் லைப்ரரிகள். செயற்கைக்கோள் படங்களிலிருந்து ஏரி, குளங்களின் நீர்ப்பரப்பைக் கணக்கிடும் வேலை ஒன்று எங்களிடம் இருந்தது. அதற்கு ஜிடால் வேண்டும். ஜிடால் சி++-ல் எழுதப்பட்டது. தன் பங்குக்கு ப்ராஜ் முதலான வேறு லைப்ரரிகளையும் இழுத்துக்கொண்டு வரும். பைபிஐ களஞ்சியத்தில் ஜிடாலின் பைத்தான் பைண்டிங் மூலநிரலாகத்தான் கிடைக்கிறது. இயந்திரத்தில் ஏற்கெனவே இருக்கும் ஜிடாலின் பதிப்போடு அது பொருந்த வேண்டும். உபுண்டு 22.04 தருவது ஜிடால் 3.4.1. பிப்போ இருப்பதில் புதிய பைண்டிங்கை எடுத்துவந்து தொகுக்கப் பார்க்கும். கம்பைலர் பக்கம் பக்கமாகப் பிழைகளைக் கொட்டும். காண்டா-ஃபோர்ஜில் ஜிடாலும் ப்ராஜும் பைண்டிங்கும் ஒன்றோடொன்று பொருந்தும்படி தொகுத்தே வைத்திருக்கிறார்கள். ஒரே கமாண்டில் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். அந்தச் சேனலைப் பராமரிக்கும் தன்னார்வலர்களுக்கு புவிசார் தரவோடு வேலை செய்யும் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

அதே துறையிலும் காண்டா தேவைப்படாத சந்தர்ப்பம் உண்டு. ராஸ்டர் படங்களைப் படித்து எழுதுவது மட்டும்தான் வேலை என்றால் ராஸ்டரியோவின் வீல் போதும், ஜிடாலை அது தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு வரும். ஃபியோனாவின் வீலும் தனக்கென்று இன்னொரு ஜிடாலைக் கொண்டுவரும் என்பதை மறந்துவிடக்கூடாது. ஒரே நிரலுக்குள் இரண்டு பிரதிகள் ஏறினால் சில சமயம் விசித்திரமாக நடந்துகொள்ளும். காண்டாவையும் பிப்பையும் கலந்துதான் ஆக வேண்டும் என்றால் காண்டா வேலையை முழுவதும் முடித்துவிட்டுக் கடைசியில் பிப்புக்கு வர வேண்டும். பிப் மாற்றிவைத்ததை காண்டா கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. காண்டாவின் என்விரான்மெண்ட் ஃபைலை லாக் என்று எண்ணுவதும் தவறு. அது நாம் கேட்டதன் பட்டியல். லாக் வேண்டுமென்றால் காண்டா-லாக் போன்ற தனிக்கருவி வேண்டும். பெரிய நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் எந்தச் சேனலிலிருந்து இறக்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2020 முதல், 200 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் அனகோண்டாவின் சொந்தச் சேனலைப் பயன்படுத்தக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. மினிஃபோர்ஜை எடுத்து காண்டா-ஃபோர்ஜோடு நின்றுகொண்டால் அந்தக் கவலை இல்லை.

கருவியும் ஒரு டிபெண்டன்சிதான் என்பதை எங்களுக்கு உணர்த்தியது பிப்என்வ். 2017-ல் அது வந்தபோது, பைத்தானின் சிக்கல் தீர்ந்தது என்றே பலரும் நம்பினோம். வர்ச்சுவல்என்வும் பிப்பும் லாக்கும் ஒரே கருவியில். 2018 நவம்பரில் ஒரு வெளியீடு வந்தது. அடுத்த வெளியீடு 2020 மே மாதம். இடையில் ஒன்றரை ஆண்டு, சரிசெய்யப்பட்ட பிழைகள் மூலநிரலில் காத்திருந்தன, வெளியீடாக வரவில்லை. பெரிய புராஜெக்ட்களில் லாக் எழுதி முடிக்க அது எடுத்துக்கொண்ட நேரமும் கொஞ்சமல்ல. பிறகு பராமரிப்பாளர்கள் மீட்டு எடுத்தார்கள், இன்றும் அது உயிரோடு இருக்கிறது. ஆனால் பிப்ஃபைல் என்ற அதன் வடிவத்தை வேறு எந்த முக்கியக் கருவியும் தன் சொந்த வடிவமாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே வந்தவர்கள் எல்லாவற்றையும் திரும்ப எழுதித்தான் வந்தார்கள்.

வெளியே வரும் வழி பற்றி நான் பேசுவது அதன் பிறகுதான் தொடங்கியது. நல்ல வேளையாக பைத்தான் சமூகமும் அந்தத் திசையில்தான் நகர்ந்தது. பைப்ராஜெக்ட் ஃபைல் என்ற பொது இடத்தை 2016-ல் பெப் 518 முன்மொழிந்தது. பேக்கேஜின் பெயர், பதிப்பு, டிபெண்டன்சிகளை அதில் எப்படி எழுதுவது என்பதை 2020-ல் பெப் 621 வரையறுத்தது. பொயட்ரி அதற்கு முன்பே தனக்கென்று ஒரு பகுதியை அதே ஃபைலில் வைத்துக்கொண்டுவிட்டதால், 2025 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பில்தான் பொது வடிவத்தை ஏற்றது. அன்று முதல் பொயட்ரி மீது எனக்கிருந்த தயக்கம் பெருமளவு குறைந்தது. நாம் கையால் எழுதும் ஃபைல் பொது வடிவத்தில் இருந்தால், லாக் ஃபைலை அழித்துவிட்டு வேறு கருவியால் எழுதிக்கொள்வது ஒரு மதிய நேர வேலை. பரிசோதிக்கத்தான் நேரம் பிடிக்கும்.

யுவி 2024 பிப்ரவரியில் வந்தது. ரஸ்டில் எழுதப்பட்டது. அதன் வேகத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், அது உண்மைதான். இறக்கிய பேக்கேஜை ஒரு பொதுச் சேமிப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சூழலுக்கும் முடிந்தவரை நகலெடுக்காமல் இணைப்பு மட்டும் கொடுப்பது அதில் பாதி ரகசியம். ஆனால் எங்கள் அணி அதற்கு மாறக் காரணம் வேறு. டிபெண்டன்சிகளைப் பொது வடிவத்தில் எழுதுகிறது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றுக்கும் ஒரே லாக் ஃபைல் தருகிறது. அந்த லாக்கை ஹாஷோடு ரிக்வயர்மெண்ட்ஸ் வடிவில் வெளியே எடுக்கவும் முடிகிறது. அந்த மூத்த அதிகாரியின் டேட்டா செண்டரில் யுவி என்ற பெயரே தெரியாமல், வெறும் பிப்பை வைத்து எல்லாவற்றையும் ஏற்றலாம். யுவியின் லாக் அதற்கே உரிய வடிவம் என்பது உண்மை. 2025-ல் ஏற்கப்பட்ட பெப் 751 பொதுவான லாக் வடிவம் ஒன்றை வரையறுத்திருக்கிறது, அதற்கும் யுவி ஏற்றுமதி செய்கிறது. யுவியை எழுதியது முதலீட்டாளர் பணத்தில் தொடங்கிய ஒரு நிறுவனம் என்பதால் எதிர்காலம் குறித்துத் தயங்குபவர்களை நான் மதிக்கிறேன். அவர்களுக்கு நான் காட்டுவது அந்த ஏற்றுமதி வசதியைத்தான்.

பாதுகாப்பு விஷயத்திலும் யுவியின் ஒரு முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. நிறுவனத்துக்குள் தனிக் களஞ்சியம் வைத்திருப்பவர்கள் பிப்பில் கூடுதல் இண்டெக்ஸ் ஒன்றைச் சேர்ப்பார்கள். பிப் இரண்டு களஞ்சியங்களையும் சமமாகப் பார்த்து, எதில் பெரிய பதிப்பு எண் இருக்கிறதோ அதை எடுத்துவிடும். நம் உள் பேக்கேஜின் பெயரில் யாரோ ஒருவர் வெளியே பெரிய எண்ணோடு ஒன்றை ஏற்றிவைத்தால் அதுதான் உள்ளே வரும். அலெக்ஸ் பிர்சான் என்ற ஆய்வாளர் 2021 பிப்ரவரியில் இதை வெளிப்படுத்தினார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களுக்குள்ளேயே இந்த வழியாக நுழைந்து காட்டியிருந்தார். அதற்குப் பிறகும் 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை, பைடார்ச்சின் நைட்லி பதிப்பை பிப் வழியாக லினக்ஸில் இறக்கியவர்களுக்கு, டார்ச்ட்ரைட்டன் என்ற பெயரில் வேறொருவர் பைபிஐயில் ஏற்றிய தீய பேக்கேஜ் வந்து சேர்ந்தது. யுவி ஒரு பெயரை எந்த இண்டெக்ஸில் முதலில் காண்கிறதோ அதோடு நின்றுவிடும், மற்றதை எட்டிப்பார்க்காது. குறிப்பிட்ட தேதிக்குப் பின் வெளியானவற்றை ஒதுக்கிவைக்கவும் அதில் வழி உண்டு. புதிய பதிப்பு வெளியாகி ஒரு வாரமாவது ஆகட்டும், மற்றவர்கள் கண்ணில் படட்டும் என்று நாங்கள் அதைப் பயன்படுத்துகிறோம்; அவசரப் பாதுகாப்புத் திருத்தம் என்றால் மட்டும் கையால் விலக்கு கொடுப்போம்.

லாக் ஃபைலின் மாற்றங்களைக் கோட் ரிவியூவில் யாரும் படிப்பதில்லை, நூற்றுக்கணக்கான வரிகள் என்று தள்ளிவிடுவார்கள். எல்லா வரியையும் படிக்கச் சொல்லி நானும் கேட்பதில்லை. இதுவரை இல்லாத புதுப் பெயர் ஏதாவது வந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்வேன். நாம் கேட்டது ஒன்று, உள்ளே வந்த புதுப் பெயர்கள் ஏழு என்றால், அந்த ஒன்று உண்மையிலேயே தேவையா என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை எழுதியவர் என்பிஎம்-லிருந்து எடுத்துவிட்டபோது, உலகம் முழுக்க பில்ட்கள் நின்றன. எழுத்துச்சரத்தின் இடப்பக்கம் இடைவெளி சேர்க்கும் வேலை அது. அப்படிப்பட்டதை நாமே எழுதிக்கொள்ளலாம்.

இப்போது எங்கள் புதிய புராஜெக்ட்கள் யுவியில், ஏரி வேலை மினிஃபோர்ஜில். அந்த நிதி நிறுவனத்தின் பழைய சேவை மட்டும் இன்னும் பிப்-டூல்ஸில்தான் இருக்கிறது. அதை மாற்றலாமே என்று அணியில் அவ்வப்போது கேட்பார்கள். அங்கே கேட்டதற்கு ஒரு ஃபைல், வந்ததற்கு ஹாஷோடு இன்னொரு ஃபைல் என்று இரண்டும் பிரிந்தே இருக்கின்றன; ஏற்றுபவர்களுக்கும் அது பழகிப்போயிருக்கிறது. வழங்கியை மாற்றப்போகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்போது பைத்தான் பதிப்பும் மாறும், எல்லா வீலையும் எப்படியும் புதிதாக இறக்க வேண்டும். பிப்-டூல்ஸை எடுப்பதா என்பதை அந்த வேலையோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.